ஓ.டி.பி. சொல்லும் முன்: மின்னணு மருத்துவப் பதிவு, அந்தரங்கம், ஒப்புதல்

தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் தாயாருக்குச் சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் இருந்த இளம்பெண் ஆதார் அட்டையை வாங்கிக் கணினியில் எண்ணைத் தட்டிவிட்டு, "போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்மா, சொல்லுங்க" என்றார். அம்மாவிடம் அப்போது போன் கிடையாது. அவருடைய ஆதாரோடு இணைந்திருந்தது என் தம்பியின் எண். தம்பியோ துறைமுகத்துக்குள் கண்டெய்னர் லாரியில் இருந்தான். நான் அவனை அழைத்தேன். அவன் 6 இலக்கங்களைப் படித்தான். நான் அவற்றைத் திருப்பிச் சொன்னேன். "இன்னாத்துக்குப்பா இது?" என்று அம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நின்றதால், அந்தப் பெண்ணிடம் கேட்கவும் வாய் வரவில்லை. சிறிய துண்டுத் தாளில் 14 இலக்க எண் ஒன்றை எழுதி, ஓ.பி. சீட்டோடு பின் அடித்துத் தந்தார்கள்.

சட்டத்தின் பார்வையில் அன்று என் தாயார் ஓர் ஒப்புதல் அளித்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சில் பங்கெடுத்த எங்கள் மூவரில் ஒருவருக்கும் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பது தெரியாது. அந்த நாள் என் மனத்தை விட்டு அகலாததால், மின்னணு மருத்துவப் பதிவு என்பது என்ன, அதில் நம் அந்தரங்கம் எங்கே நிற்கிறது, ஒப்புதல் என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றை, இதைப் பற்றி முன்பின் கேள்விப்படாதவருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

அந்த 14 இலக்க எண்ணுக்கு ஆபா எண் என்று பெயர். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற திட்டத்தின்கீழ் அது தரப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட இத்திட்டம், புதுச்சேரி உள்ளிட்ட 6 ஒன்றியப் பகுதிகளில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது. இதுவரை 70 கோடிக்கும் மேற்பட்ட ஆபா எண்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன.

மின்னணுப் பதிவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வடசென்னையில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் பரண்மேலோ பீரோவுக்கு அடியிலோ ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் ஸ்டான்லி மருத்துவமனையின் பழைய ஓ.பி. சீட்டுகள், எழுத்து மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், ஓரம் மடங்கிய எக்ஸ்ரே, எந்த மருந்துக்கு என்று தெரியாத மாத்திரைப் பட்டையின் ஒரு துண்டு எல்லாம் கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஊறிய தாளை உலர்த்தியும் பயனில்லை. கரையோரக் குடிசைகளில் இருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட ஒரு குடும்பம் அங்குள்ள புதிய மருத்துவரிடம் போனால், "முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்கு "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்" என்பதுதான் பதிலாக இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற ஒரு வரி சரியான நேரத்தில் சரியான மருத்துவரின் கண்ணில் பட்டால் ஓர் உயிர் பிழைக்கும். ஆகவே பதிவு நம்மோடு நகர்ந்து வருவது பெரிய நன்மை. அது யார் கைக்கெல்லாம் நகர்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கிடங்கு அல்ல, அஞ்சல் வழி

ஆபா எண் வாங்கிவிட்டால் நம் நோய் விவரமெல்லாம் டெல்லியில் ஒரே கணினியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திட்டத்தின் வடிவமைப்பு அப்படி இல்லை. பதிவு எங்கே உருவானதோ அங்கேயே இருக்கிறது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி மருத்துவமனையின் கணினியிலும், ரத்தப் பரிசோதனை முடிவு அந்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினியிலும் கிடக்கின்றன. ஆபா எண் இவை அனைத்தும் ஒரே ஆளுடையவை என்று அடையாளம் காட்டுகிறது. ஒரு மருத்துவர் பழைய பதிவைப் பார்க்க விரும்பினால், ஒப்புதல் மேலாளர் எனப்படும் மென்பொருள் வழியாகக் கோரிக்கை நமக்கு வரும். நாம் சரி என்றால், பதிவு அது இருக்கும் இடத்திலிருந்து பூட்டப்பட்ட உறையைப் போலக் கேட்டவரிடம் போகும். யாரிடமிருந்து யாருக்கு, எதற்காகப் போகிறது என்பது போன்ற கோரிக்கை விவரம் மட்டுமே நடுவில் இருக்கும் ஒப்புதல் மேலாளருக்குத் தெரியும். உறைக்குள் இருப்பது தெரியாது. ஒரே கிடங்கு இல்லாததால் ஒரே திருட்டில் எல்லாம் போய்விடாது என்பது இந்த வடிவமைப்பின் நல்ல அம்சம். ஆனால் பதிவைப் பாதுகாக்கும் வேலை ஆயிரக்கணக்கான சிறு மருத்துவமனைகளின், தெருமுனைப் பரிசோதனைக் கூடங்களின் கணினிகளுக்குப் பிரிந்துபோகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் திரையோரத்தில் ஒட்டிவைத்திருக்கும் கணினிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இங்கே மூன்று வெவ்வேறு செயல்கள் இருப்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். எண்ணை உருவாக்குவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் பதிவை அந்த எண்ணோடு இணைப்பது வேறொன்று. இணைத்த பதிவை இன்னொருவருக்குக் காட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நம் ஒப்புதல் வேண்டும். என் தாயாரிடம் அன்று வாங்கப்பட்டது முதலாவது மட்டும்தான், அந்த ஓ.டி.பி.யால் அவருடைய பழைய பதிவு எதுவும் யாருக்கும் போய்விடவில்லை. இதை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்க முடியும். சொல்லும்படி அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்றே நினைக்கிறேன். இப்போது பல மருத்துவமனைகளின் வாசலில் கியூ.ஆர். படம் ஒட்டியிருக்கிறது. அதைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி போன்ற அடையாள விவரங்கள் மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நிற்காமலே டோக்கன் கிடைக்கிறது. அதுவும் நோய்ப் பதிவைக் காட்டுவது ஆகாது. வரிசை குறைவது நல்ல விஷயம்தான். முழங்கால் வலியோடு நிற்பவருக்கு அதன் அருமை தெரியும்.

அந்தரங்கம் யாரிடமிருந்து?

தனியுரிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் வெளிநாட்டில் இருந்துகொண்டு கணினியை உடைக்கும் திருடன் ஒருவன்தான் நினைவுக்கு வருகிறான். அவனும் உண்டு. சிங்கப்பூரில் 2018இல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக்குள் நுழைந்தவர்கள், அந்நாட்டுப் பிரதமர் உட்படச் சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பரில் தாக்கப்பட்டபோது, நாட்டின் முதன்மையான அந்த மருத்துவமனை பல நாட்கள் பேனாவும் காகிதமுமாக இயங்க வேண்டியிருந்தது.

ஆனால் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்கிறவருக்கு முதல் அச்சம் அந்தத் திருடனிடம் இல்லை. வீட்டுக்காரர், பக்கத்துப் போர்ஷன்காரர், வேலை தரும் முதலாளி, மகளுக்கு வரன் பார்க்கும் தரகர், சண்டையில் பிரிந்திருக்கும் உறவினர் ஆகியோரிடம்தான் அவருக்கு அச்சம். காசநோய் என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். இரண்டு முறை கரு கலைந்தது என்ற செய்தி ஒரு பெண்ணின் மாமியார் வீட்டில் என்ன பாடு படுத்தும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தகவல் கசிந்தால் வரும் நஷ்டம் நமக்குப் பணமாக வருவதில்லை; வீடாக, வேலையாக, உறவாக வருகிறது.

நீதிமன்றப் படியேறிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். ரத்தம் கொடுக்கச் சென்ற ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிந்து, அந்தச் செய்தி மருத்துவமனையிலிருந்து வெளியே போய், நிச்சயித்திருந்த திருமணம் நின்று, அவர் ஊரை விட்டே போகும்படி ஆயிற்று. உச்ச நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பில், நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டியதே என்றாலும் அது எல்லையற்ற உரிமை அல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலமும் கருதப்பட வேண்டும் என்று சொல்லி அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அதற்கு 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கென ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்றும் வகுத்துச் சொன்னது. அதே ஆண்டில் வந்த எச்.ஐ.வி. சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த நோயாளிகளின் ரகசியத்துக்குத் தனிப் பாதுகாப்பு தந்தன. சர்க்கரைக்கும் காசநோய்க்கும் கருக்கலைப்புக்கும் சேர்த்து, மருத்துவத் தகவல் முழுவதற்குமான தனிச் சட்டம் ஒன்றின் வரைவு 2018இல் வெளியானது. அது சட்டமாகவே ஆகவில்லை. என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு அதுதான்.

ஒப்புதல் என்பது ஓ.டி.பி. அல்ல

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அது வற்புறுத்தலின்றித் தரப்பட வேண்டும். குறிப்பிட்ட ஒன்றுக்காக இருக்க வேண்டும். விவரம் அறிந்து தரப்பட வேண்டும். நிபந்தனை கட்டித் தரப்படக் கூடாது. ஐயத்துக்கு இடமின்றித் தெளிவான செயலால் வெளிப்பட வேண்டும். விளக்க அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலாவதோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதாவது தமிழில் கேட்பது நம் உரிமை. ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

பதிவைக் காட்டக் கேட்டு வரும் கோரிக்கையில் என்ன இருக்கும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொன்னால் விளங்கும். அம்மாவின் கண்ணைப் பரிசோதிக்க வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, அவருடைய ஆபா கணக்கிற்கு ஒரு கோரிக்கை வந்தது. இம்முறை நாங்கள் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்தோம். கேட்பவர் யார், என்ன நோக்கத்துக்காக, எந்தெந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உள்ளவை, எவ்வளவு காலத்துக்குப் பார்க்க அனுமதி என்று அதில் இருந்தது. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லா வகைகளும் டிக் செய்யப்பட்டிருந்தன. பல ஆண்டுக் காலம் கேட்கப்பட்டிருந்தது. நான் படித்துக்கொண்டே வந்தபோது அம்மா குறுக்கிட்டு, "என் கர்ப்பப்பை ஆபரேசன் சங்கதி கண் டாக்டருக்கு எதுக்குப்பா?" என்றார். அந்தக் கேள்வியைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தக் கொள்கை ஆவணத்திலும் நான் படிக்கவில்லை. ஓராண்டின் பரிசோதனை முடிவுகள் மட்டும் என்று குறைத்து அனுமதித்தோம். மருத்துவர் சர்க்கரை அளவுகளைப் பார்த்தார், விழித்திரையைச் சோதித்தார். வேறெதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் செயலி இருந்தது என் போனில்தான். வடசென்னையில் ஒரு வீட்டில் இரண்டு போன்கள் இருந்தால், ஒன்று வேலைக்குப் போகும் ஆணின் கையிலும் மற்றொன்று பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடுகிறது. ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போகிறதோ, ஒப்புதலின் அதிகாரமும் நடைமுறையில் அந்த எண்ணை வைத்திருப்பவரிடம் போய்விடுகிறது. கணவருக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுடைய ஆதார் எண் கணவரின் போனோடு இணைந்திருந்தால், ஓ.டி.பி.யே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வடிவமைத்தவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு போன் என்று நினைத்துக்கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள். என் தாயார் என்னை நம்பினார், நானும் அந்த நம்பிக்கையைக் காத்தேன் என்பது எங்கள் குடும்பத்தின் நல்வாய்ப்பு. அதை ஒரு தேசியத் திட்டத்தின் அடித்தளமாக வைக்க முடியாது.

வற்புறுத்தலின்றி என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். யாரும் அதட்டவில்லை என்றாலும், காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்க்கு, கணினியின் முன் இருப்பவர் கேட்கும் எதையும் மறுக்கும் தெம்பு இருக்காது. தேசிய சுகாதார ஆணையத்தின் 2020 டிசம்பர் கொள்கை, இதில் சேர்வது விருப்பத்தின் பேரில்தான் என்றும், எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 2021இல் கொரோனா தடுப்பூசிக்காக ஆதாரைக் காட்டிய பலர், தம்மைக் கேட்காமலேயே சுகாதார எண் உருவாக்கப்பட்டிருப்பதைச் சான்றிதழில் பார்த்துத்தான் அறிந்தார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் சிக்கிக்கொள்பவர் எப்போதும் வரிசையில் நிற்பவரே.

ஒப்புதல் கேட்கப்படாத இடங்களும் உண்டு; அவற்றில் சில நியாயமானவை. உயிருக்கு ஆபத்தான நிலையில் மயங்கிக் கிடப்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சட்டம் அதற்கு விலக்கு தருகிறது, தொற்றுநோய்ப் பரவலுக்கும் தருகிறது. காசநோய் 2012 முதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்; தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நோயாளியின் பெயர் காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் இணையதளத்தில் ஏறுகிறது. ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் அதன் வழியாகத்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நெருக்கமாக வாழும் தெருக்களில் காசநோயைக் கட்டுப்படுத்த இது தேவை என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் பிக்மி தளத்தில் பதிந்து பெறும் எண், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படுகிறது. தாய் சேய் நலத்தில் நம் மாநிலம் பெற்றிருக்கும் பெயருக்கு இப்படிப்பட்ட கண்காணிப்பும் ஒரு காரணம். ஆயினும் சான்றிதழ் வேண்டுமென்றால் பதிய வேண்டும் என்ற இடத்தில், ஒப்புதல் என்ற சொல்லை நாம் பயன்படுத்தாமல் இருப்பதே நேர்மை. கட்டாயம் என்றால் கட்டாயம் என்றே சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால், திரட்டியதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற பொறுப்பு முழுவதும் அரசின் தோளில் ஏறுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்களே. அறிமுகமான முகம் என்பதால்தான் கதவு திறக்கிறது, மாத்திரை தவறாமல் போய்ச் சேர்கிறது. அதே காரணத்தால், அவர் வாயிலிருந்து ஒரு சொல் தவறினால் தெரு முழுதும் தெரிந்துவிடும். அவருக்குத் தரப்படும் பயிற்சியில் ரகசியம் காப்பதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த மென்பொருள் பூட்டும் அதற்கு ஈடாகாது.

பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் பதிவுகளைப் பயன்படுத்தும்போது பெயரை நீக்கிவிடுகிறோம், ஆகவே கவலை வேண்டாம் என்பார்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் பதிவு எது என்று கண்டுபிடித்துவிட்டார். நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்: காசிமேட்டில், குறிப்பிட்ட ஒரு தெருவில், 43 வயதான, வாரம் இரு முறை டயாலிசிஸுக்குப் போகும் விசைப்படகு ஓட்டுநர் என்று பெயரில்லாமல் எழுதினால், துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்கள் அத்தனை பேருக்கும் அவர் யார் என்று தெரிந்துவிடும். பெயர் நீக்குவது ஒரு பாதுகாப்புதான், ஆனால் தனியாக நிற்கக்கூடியது அல்ல. இந்தப் பதிவைக் கொண்டு யாரையும் அடையாளம் காண முயலக்கூடாது என்ற கட்டுப்பாடும், மீறினால் தண்டனையும் சேர்ந்தால்தான் அது பயன்படும்.

தவறு நேர்ந்தால் யார்?

ஆளுகை என்ற சொல் பெரியதாகத் தோன்றினாலும் அதன் உள்ளடக்கம் எளிது. விதியை எழுதுவது யார், அதன்படி நடத்துவது யார், நடக்கிறதா என்று பார்ப்பது யார், நடக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் போக வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கான விடையே ஆளுகை. இந்தியாவில் டிஜிட்டல் மிஷனை நடத்துவதும் அதன் தரவுக் கொள்கையை வெளியிட்டதும் ஒரே தேசிய சுகாதார ஆணையம்தான். ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துவதும் அதுவே. நடத்துபவரே மேற்பார்வையாளராகவும் இருப்பது எந்த நல்ல நிர்வாகத்துக்கும் ஏற்றதல்ல. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. பதிவுகள் பெரும்பாலும் மாநில, மாநகராட்சி மருத்துவமனைகளில் உருவாகும்போது, விதிகள் டெல்லியில் எழுதப்படுகின்றன. மாநிலத்தின் குரலுக்கு அங்கே என்ன இடம் என்பது இன்னும் போதுமான அளவு பேசப்படாத கேள்வி.

2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. பதிவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பாதுகாப்புக் குறைவுக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறதே தவிர, கசிவால் வீட்டையோ வேலையையோ இழந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி செய்திருந்த 43ஏ பிரிவையும் அது நீக்குகிறது. மருத்துவத் தகவலை மற்றத் தகவலினும் நுண்மையானது என்று பிரித்துக் காட்டிய முந்தைய வரைவுகளின் அணுகுமுறையும் கைவிடப்பட்டுவிட்டது. பீட்சா வாங்கிய விவரமும் புற்றுநோய் விவரமும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரமும், தீர்ப்புச் சொல்லும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசிடமே உள்ளன. இவை எனக்கு மிகுந்த கவலை தருகின்றன.

மற்ற நாடுகள் பட்ட பாடுகளில் நமக்குப் பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளைத் திரட்டும் கேர்.டேட்டா திட்டத்துக்கு வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள். அது கடை விளம்பரங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போனது, மக்களுக்கு விஷயம் புரியவில்லை. 2014இல் நிறுத்திவைத்து 2016இல் மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில், மறுப்புத் தெரிவிக்காத எல்லோருக்கும் பதிவு உருவாகும் என்று அறிவித்தபோது சுமார் 25 லட்சம் பேர் விலகிக்கொண்டார்கள். எழுந்த எதிர்ப்பால், நீதிமன்ற உத்தரவின்றிக் காவல்துறைக்குப் பதிவைத் தரக்கூடாது என்று 2018இல் சட்டத்தையே திருத்தினார்கள். எஸ்தோனியாவில் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஒவ்வொரு குடிமகனும் தன் பதிவை எந்த மருத்துவர், எந்த நாளில் திறந்து பார்த்தார் என்ற பட்டியலைத் தானே பார்க்கலாம். காரணமின்றிப் பார்த்தவரிடம் விளக்கம் கேட்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும் என்ற எண்ணமே பல கைகளைத் தடுத்து நிறுத்தும். நம் மருத்துவமனைகளின் உள்கணினிகளிலும் அப்படி ஒரு பட்டியல் பராமரிக்கப்பட்டு, கேட்கும் நோயாளிக்குத் தமிழில் தரப்பட வேண்டும்.

இப்போது செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஓ.டி.பி. கேட்டால், எண் உருவாக்கவா, பதிவை இணைக்கவா, பிறருக்குக் காட்டவா என்று மூன்றில் எது என்பதைக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் எண் இல்லாமலே சீட்டு போடச் சொல்லுங்கள். ஆபா செயலியில் இதுவரை தந்த ஒப்புதல்களைப் பார்க்கலாம், ரத்து செய்யலாம். எண்ணையே முடக்கவும் நீக்கவும் முடியும். ரத்து செய்வது இனிமேல் பார்ப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே படித்தவரின் நினைவிலிருந்து எதையும் எடுத்துவிடாது. எண்ணை நீக்கினாலும் மருத்துவமனையின் சொந்தப் பதிவு அங்கேயே இருக்கும். ஆதாரில் உங்கள் சொந்த எண் இல்லையென்றால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கித் தந்து அந்த எண்ணைப் பதிய வைத்தோம். காகிதப் பதிவைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டுகளுக்குப் பிறகு அவை அங்கே இருக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் மஞ்சள் பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பை இப்போது ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.